துரை முகத்திலும் முத்து

வரும் வாரம் நீங்கள் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டக் கோயிலுக்கு வர்ணம் அடிக்கப் போகிறீர்கள் என்று சிரம்பானில், லோபாக் கடையில் சொன்னார்கள். லாரி பேசியாயிற்று, எனாமல் டின்களை ஏற்றியாயிற்று, ஏணியை மட்டும் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்களாம். நல்லதாகப் போயிற்று. ஏணி வருவதற்குள் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். அந்தக் கோயில் கருவறைக்கு மேலே பலகையில் ஓர் அம்மன் படம் இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னாலும் சொல்வார்கள். அதை எழுதியவன் நான். எதனால் எழுதினேன் என்று தெரிந்துகொள்ளாமல் அதன் மேல் கை வைக்காதீர்கள்.

பிரஷ் பிடிப்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகப் பிடிக்கிறீர்கள். ஆனால் ஏணி மேல் நிற்கும்போது கீழே ஒரு தோட்டமே அலறினால் என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித்தரவில்லை.

அப்போது நான் அந்தத் தோட்டத்துப் பெயின்டர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரப்பர் பால் வாளிகளுக்கு நம்பர், ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கதவுகளுக்கு நம்பர், பங்களா ஜன்னலுக்குப் பச்சை, அவ்வளவுதான். ரப்பர் விலை விழுந்து, ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பித்ததும் இன்னொரு வேலையும் சேர்ந்தது. போகிறவர்களுடைய தகரப் பெட்டியில் பேரையும் கீழே ‘நாகப்பட்டினம்’ என்றும் எழுதித் தர வேண்டும். அடுத்த வீட்டுக்காரன் பெட்டியில் எழுதும்போது எனக்கு எழுத்து கோணிவிட்டது. “பரவால்ல, கப்பல்ல யாரு படிக்கப் போறா” என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

கங்காணி ஒருநாள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

“டேய் பெயின்டரு, எல்லார் பொட்டிக்கும் எழுதறியே, ஒம் பொட்டிக்கும் எழுதி வெச்சுக்க. திருவிழா முடிஞ்சதும் நீயும் கெளம்பு. வாளிக்கு நம்பர் போட ஒரு ஆளா? வாளிக்குத் தெரியும்டா அது எந்த வாளின்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார். ஊரில் எங்களுக்கு வீடு கிடையாது, நிலம் கிடையாது, பங்காளிச் சண்டை மட்டும் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துப் பேரை எழுதினேன். என் பெண்டாட்டி அஞ்சலை கோழிகளை அடைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

“பேரோட நிறுத்து. ஊர் பேரு எழுதாத. எழுதினா நடந்துரும்” என்றாள். நிறுத்திக்கொண்டேன்.

எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் துரைசாணியின் பட்டறை. தோட்டத்துத் துரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அந்த அம்மாள் தன் நாட்டில் முட்டையால் படம் எழுதக் கற்றவர். மலைத் தோட்டத்தில் ஓயாத மழை, பேச ஆளில்லை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கொட்டகையைக் கழுவி, மேசை போட்டு, படம் கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று சொல்லியனுப்பினார். விருப்பத்தோடு போனவன் நான் ஒருவன்தான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசரும் துரைசாணி மனம் கோணக்கூடாது என்று வந்தவர்கள்.

முட்டைச் சாயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக் கரு வேண்டாம். மஞ்சள் கருவை மட்டும் உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி ஈரம் போக்கி, அதன் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் குத்தினால், உள்ளே இருப்பது கிண்ணத்தில் இறங்கும். அதில் தண்ணீரும் பொடிச் சாயமும் கலக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கிறதல்லவா? கிராணி யாழ்ப்பாணத்துச் சைவர். முட்டையைக் கையால் தொடமாட்டேன் என்று கைக்குட்டையை விரித்து அதில் வாங்கினார். கைக்குட்டைதான் மஞ்சளாயிற்று. டிரெசர் சீனன் கடையில் மண் பூசி அடுக்கியிருந்த வாத்து முட்டை பெரிதாக இருக்கிறதே என்று வாங்கி வந்துவிட்டார். அது உப்பில் ஊறிய முட்டை. உடைத்தால் மஞ்சள் கரு கோலிக்குண்டு மாதிரி உருண்டு மேசைக்கு அடியில் போயிற்று. துரைசாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

எனக்கு முட்டை அஞ்சலையின் கோழிகளிடமிருந்து. சும்மா கொடுக்கவில்லை. “இந்தப் படம் நல்லா வந்து நாம இங்கயே இருந்துட்டா, மாரியாத்தாளுக்கு ஒரு சேவல் குடுக்கறேன்னு வேண்டியிருக்கேன். முட்டையெல்லாம் நீயே எடுத்துட்டா சேவலுக்கு நான் எங்க போறது?” என்று தினமும் ஒரு பாட்டு பாடித்தான் எடுத்துத் தருவாள். வெள்ளைக் கரு முழுவதும் பங்களா சமையற்காரரிடம் போகும். அவர் சர்க்கரை போட்டு அடித்து நுரை நுரையாக ஏதோ சுடுவார். துரைக்கு அந்த வருஷம் தொப்பை விழுந்ததற்கு எங்கள் பட்டறைதான் காரணம்.

கிராணி எடுத்துக்கொண்டது துரையின் முகம். கம்பெனியின் பெரிய துரை தோட்டத்தைப் பார்க்க வரும்போது அதைப் பரிசாகக் கொடுத்துத் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம். டிரெசர் ஒரு பூசணிக்காயை எழுதினார். நான் அம்மனை எழுதினேன். கோயிலுக்குச் சிலை செய்ய வழியில்லாததால் பலகையில் ஒரு படமாவது வேண்டும் என்று பூசாரி கேட்டுக்கொண்டிருந்தார். துரைசாணியிடம் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“பெரிய துரை திருவிழாவுக்கு வர்றாரு. படம் நல்லா இருந்தா நான் உனக்காகப் பேசறேன். ஆனா அவசரம் வேணாம். சாயம் எவ்வளவோ அவ்வளவுதான் முட்டை. கூடப் போட்டா மினுங்கும், ஆனா காயாது” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். தலையாட்டினேனே தவிர, எனக்கு அம்மன் என்றால் எண்ணெய்க் காப்பு செய்த மாதிரி மினுங்க வேண்டும். வெளிநாட்டு அம்மாளுக்கு நம் அம்மனைப் பற்றி என்ன தெரியும் என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மஞ்சள் கருவை ஊற்றினேன். மினுங்கினாள். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உங்களுக்குச் சாயம் சொல்லித் தருகிறவர் வேறு சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் அளவு விஷயத்தில் அவர் பேச்சைக் கேளுங்கள்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே பலகை கோயிலுக்குப் போய்விட்டது. கோயிலுக்குள் வந்த பிறகு, கருவிழி எழுதிக் கண் திறக்கும்வரை சாமி முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்பது வழக்கமாதலால், படத்தின் மேல் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினார்கள். காப்புக் கட்டியதும் தோட்டம் முழுக்க விரதம். மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. பெண்கள் காலையும் மாலையும் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை அந்தத் துணி மேல் தெளித்தார்கள். மேலே மழை, உள்ளே மஞ்சள் தண்ணீர், துணிக்கு அடியில் காயாத முட்டை. இதை யோசித்திருக்க வேண்டியவன் நான். யோசிக்காமல் பெரிய துரையிடம் எப்படிக் கும்பிடு போடுவது என்று பழகிக்கொண்டிருந்தேன்.

கண் திறக்கிற அன்று விடிந்ததும் எல்லோரும் கோயிலில் கூடிவிட்டார்கள். பெரிய துரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலுக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். உடுக்கை அடித்தார்கள். துணியை விலக்கினேன்.

அம்மன் முகம் முழுக்கக் கரும்புள்ளி. நெற்றியில், கன்னத்தில், மூக்கில், கழுத்தில். பூஞ்சணம் என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. துணியைத் திரும்ப மூடிவிடலாமா என்று கை போயிற்று. அதற்குள் கீழே முன்வரிசையில் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டாள்.

“ஐயோ, ஆத்தாளுக்கே முத்து போட்டிருக்கே!”

அம்மை என்ற சொல்லை எங்கள் ஆட்கள் வாயில் எடுக்க மாட்டார்கள். முத்து என்றுதான் சொல்வார்கள். அம்மனுக்கே முத்து என்றால் அடுத்து யாருக்கு என்று கேட்க வேண்டுமா? பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டார்கள். ஆம்பளைகள் சட்டென்று இனிப் பாலுக்கு மரம் வெட்டப் போகமாட்டோம் என்றார்கள். டிரெசர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “யாரும் தோட்டத்தை விட்டு வெளிய போகக்கூடாது! கேட்டைச் சாத்து! சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பு!” என்று கத்தினார். அவரும் எங்களோடு முட்டை உடைத்தவர்தான். பயம் வந்ததும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. விஷயம் தெரிந்த இன்னொருவர் கிராணி. அவர் திருநீற்றுப் பட்டையோடு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். தான் முட்டையைத் தொட்ட கதை வெளியே வரக்கூடாது என்பது அவர் கவலை.

நான் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் காப்புக் கட்டின கோயிலில் முட்டை என்று உதைப்பார்கள், அப்படியே கப்பலில் ஏற்றுவார்கள். திறக்காவிட்டால் தோட்டமே ஓடிவிடும், பெரிய துரை வந்து பார்த்தால் காலி லயத்தைத்தான் பார்ப்பார். அஞ்சலையைத் தேடினேன். அவள் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித் தொலை என்பது மாதிரித் தாடையை ஆட்டினாள்.

“அது முத்து இல்ல! முட்டை!” என்றேன். “முட்டையில எழுதின படம். ஈரத்துல பூஞ்சணம் பிடிச்சிருக்கு.”

கங்காணி ஏணியை ஓர் உலுக்கு உலுக்கினார். நான் அவர் காலடியில் இறங்கினேன், இறங்கினேன் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். என் சட்டையைப் பிடித்துக் கையை ஓங்கினார்.

“கோயிலுக்குள்ளயாடா முட்டை?”

அந்த அடி என் மேல் விழவில்லை. விழுவதற்குள் ஒரு கிழவி, “புளுகறான்! கப்பலுக்குப் பயந்து புளுகறான்! முட்டையில யாராச்சும் படம் எழுதுவாங்களா?” என்றாள். “அதானே!” என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் லயத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க, கங்காணி போகிறவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிய துரை வரப்போகிற பாதையைப் பார்த்தார். கையை இறக்கினார்.

“நில்லுங்க! முட்டைதான்! நான் சொல்றேன், முட்டைதான்! எங்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டான்!” என்று விரதக் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் கூவினார். யாரும் நிற்கவில்லை. “சத்தமா சொல்லுடா, முட்டைன்னு” என்று என்னைப் பிடித்துக் கெஞ்சினார்.

பயந்த கூட்டத்திடம் விளக்கம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். ஒரே சாயம், ஒரே மழை, ஒரே ஈரம். அங்கிருந்த மற்ற இரண்டு படமும் நினைத்தபடியே இருந்தன. பூசணிக்காயை ஒரு கக்கத்திலும் துரையின் முகத்தை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தால், கிராணி மூச்சிரைக்க வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“அதை விடும் ஐசே! பூசணியைக் கொண்டு போம், அது காணும்! துரையைக் கொண்டு போகாதேயும்! என்ர வேலை போயிடும்!”

நியாயமான பேச்சுதான். கூலிகள் முன்னால் துரையின் முகத்தை அந்தக் கோலத்தில் காட்டினால் அவர் வேலை மட்டுமல்ல, என் தலையும் போகும். ஆனால் சாமி முகத்தைப் பார்த்து வந்த பயத்தைப் போக்கப் பூசணிக்காய் போதாது. அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பிரட்டுக் களத்தில் எல்லோரையும் மறித்து முதலில் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினேன். காய் முழுக்கக் கரும்புள்ளி. “பூசணிக்காய்க்கு முத்து போடுமா?” என்று கேட்டேன். சிலர் நின்றார்கள். பிறகு துரையைத் தூக்கிப் பிடித்தேன். மூக்கின் மேல் பெரிதாக ஒன்று, கன்னத்தில் கொத்துக் கொத்தாக, மொட்டை நெற்றியில் வரிசையாக.

அப்புறம் அதே கிழவி, “அடியாத்தி, தொரைக்கும் முத்து போட்டிருக்கு! வேப்பிலை கொண்டாங்கடி!” என்றாள். சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் பிள்ளையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். டிரெசர் தன் பூசணிக்காயைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. “அது சரி, காப்புக் கட்டின கோயில்ல முட்டை இருக்கே, அதுக்கு என்ன பதில்?” என்றார். சிரிப்பு நின்றது. கங்காணி என் சட்டையை மறுபடியும் பார்த்தார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். “பூசாரியய்யா, கடைசி நாளு நீங்களே அவளுக்குக் கோழி அறுக்கப் போறீங்க. எல்லாரும் கோழியாக் குடுப்பாங்க. நான் குஞ்சு பொரிக்கறதுக்கு முந்தியே குடுத்துட்டேன். அதுவும் காப்புக் கட்டறதுக்கு முந்தி. வாங்கிக்கிட்டவ அவ. வேணாம்னா அவளே சொல்லட்டும்.”

பூசாரி பதில் சொல்வதற்குள் பின்னால் கார் வந்து நின்றது. பெரிய துரை, எங்கள் துரை, துரைசாணி மூவரும் இறங்கினார்கள். நான் இன்னும் துரையின் முகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறக்கிவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கிராணி கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணி என் கையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது.

பெரிய துரை கங்காணிகளிடம் தமிழ் கற்ற பழைய ஆள். “இது என்னாடா?” என்றார்.

“ஈரம், தொரை” என்றேன். “சாமி, தொரை, பூசணிக்காய்னு அது பாக்கறதில்ல. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பிடிக்குது.”

அவர் படத்தைப் பார்த்தார். பக்கத்தில் சிவந்துபோய் நின்ற துரையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். “மூஞ்சி சரியா இருக்கு. புள்ளி வெச்சா இன்னும் சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு இடி மாதிரி சிரித்தார். பெரிய துரை சிரித்தால் சின்னத் துரை சிரிக்காமல் இருக்க முடியுமா? கிராணி ஒரு கண்ணைத் திறந்தார்.

“இதைச் சுத்தம் பண்ண முடியுமா?” என்று கேட்டார் பெரிய துரை. சீனன் கடையிலிருந்து காடி, அதுதான் வினிகர், வாங்கி வரச் சொன்னேன். மருந்தை முதலில் துரை மேல்தான் போட்டுப் பார்த்தேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புது மருந்தைச் சாமி மேல் நேராகப் போடக்கூடாது. கொஞ்சம் அழுத்தித் துடைத்ததில் துரையின் இடது புருவம் துணியோடு வந்துவிட்டது. அதனால்தான் அம்மனைப் பஞ்சால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றி ஒற்றி எடுத்தேன். புள்ளியெல்லாம் போயிற்று. இடது கன்னத்தில் ஒன்று மட்டும் சாயத்தோடு சேர்ந்து பெயர்ந்து வரப் பார்த்தது. கை நின்றது.

“அதை விட்டுரு. அது அவளோடது” என்றார் கீழே நின்ற பூசாரி. விட்டுவிட்டு அம்மனுக்குக் கண்ணைத் திறந்தேன். உடுக்கை அடித்தார்கள். பெரிய துரை தொப்பியைக் கழற்றினார்.

“யார் எழுதினான்?” என்று அவர் கேட்க, துரைசாணி பேச வாயெடுப்பதற்குள் கங்காணி முந்திக்கொண்டார். “நம்ம பெயின்டரு தொரை. நல்ல பையன். நான்தான் வெச்சிருக்கேன். இவன் இல்லாட்டி ஒரு வாளிக்கும் நம்பர் தெரியாது தொரை.”

இனி எனக்குக் கப்பல் இல்லை என்று தெரிந்ததும் நான் அன்றைக்குக் கோயில் பின்னால் போய் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த மாதமே அடுத்த லயத்துக்காரர்கள் லாரியில் போனார்கள், என் எழுத்து எழுதிய பெட்டிகளோடு. அவர்களுக்கு எழுதித் தர என்னிடம் ஒரு படமும் இல்லை.

ஆகவே, அந்தக் கோயிலில் சுவரைச் சுரண்டுங்கள், தூணைச் சுரண்டுங்கள், எனாமலை எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். பலகையை விட்டுவிடுங்கள். இடது கன்னத்துப் புள்ளியை மச்சம் என்றுதான் இப்போதைய கமிட்டிக்காரர்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையை நீங்கள் கெடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் டின்னில் என்ன கலந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், ஏணியில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அஞ்சலை கடைசிவரை அந்தச் சேவலைக் கொடுக்கவில்லை. கேட்டால், “அதான் மூஞ்சியிலயே பூசிக்கிட்டாளே” என்பாள். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது, என் பேர் எழுதிய தகரப் பெட்டி மூடி திறந்து சுவரோரமாகக் கிடந்தது. ஊர்ப்பேர் எழுத விட்டிருந்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. உள்ளே வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கி, அஞ்சலை அடைக்கோழியை உட்கார வைத்திருந்தாள்.